குடியை விட்டவர்கள் குடிக்கும் பீடி

போன மாதம், குடியை விட்டவர்கள் கூடும் எங்கள் குழுவின் மூத்த அண்ணன் ஒருவரை மின்மயானத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். 17 வருஷம் ஒரு சொட்டு தொடாத மனிதர். என்னைப் போல எத்தனையோ பேரைக் கைப்பிடித்துக் கரையேற்றியவர். நுரையீரலில் புற்று. கண்டுபிடித்து 7 மாதத்தில் எல்லாம் முடிந்துபோனது. வயது 61.

வீட்டு வாசலில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் தண்ணியத் தொடலைங்க தம்பி. அந்த ஒண்ணு போதுங்க எனக்கு" என்றார். அழுகைக்கு நடுவிலும் அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்கு முழுத் தகுதி உள்ளவர் அவர். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். எதிரே வேப்பமரத்தடியில் எங்கள் குழு ஆட்கள் நாலைந்து பேர் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. துக்கம் வந்தால் கையை என்ன செய்வது என்று அவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது. 5 வருஷத்துக்கு முன்னால் என்றால் நானும் அந்த மரத்தடியில்தான் நின்றிருப்பேன்.

அன்றிலிருந்து இது மனசைப் போட்டு அரிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் லேத் பட்டறையில் வேலை எனக்கு. 2016 ஆகஸ்டில் குடியை நிறுத்தினேன். குடித்த காலத்தில் சிகரெட் எனக்கு ஒரு சைடு டிஷ் மாதிரி. பாரில் உட்கார்ந்தால் நாலைந்து, காலையில் ஒன்று. டீ, நாளைக்கு இரண்டு. குடியை நிறுத்திய ஆறாவது மாதம் என் கணக்கு என்ன தெரியுமா? நாளைக்கு 14 டீ, 22 சிகரெட். கணக்குப் போட்டது என் மனைவி. மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் டப்பாவில் பாதி மணல் போட்டு வைத்திருந்தேன், துண்டுகளை அமுக்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தரையில் கவிழ்த்து எண்ணியிருக்கிறாள். மாசக் கடைசியில் பேக்கரிக்காரர் நோட்டைக் காட்டியபோது டீக்கணக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. டப்பாவில் மறுபடி மணலைப் போட்டு அதே இடத்தில் வைத்துவிட்டாள். ஏன் கேட்கவில்லை என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "கேட்டா திரும்பக் கடைக்குப் போயிருவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க" என்றாள்.

அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். குடிநோயாளி இருந்த ஒவ்வொரு வீட்டிலும் அது உண்டு. "குடியை விட்டதே பெரிய விஷயம். பீடிதானே, குடிச்சா குடிச்சுட்டுப் போகட்டும்." அம்மா சொல்வார், மச்சான் சொல்வார், மறுவாழ்வு மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர்கூடச் சொல்வார். நம் ஊர்ப் பேச்சில் பீடியையும் 'குடிக்கிறது' என்றுதானே சொல்கிறோம்! ஒரு குடியை விட்ட மனுசன் இன்னொரு குடியை ஊர் அனுமதியோடு ஆரம்பிக்கிறான்.

நான் சேர்ந்திருந்த மறுவாழ்வு மையத்தில் ஒரு நாளைக்கு 6 சிகரெட் எண்ணிக் கொடுப்பார்கள். சொன்னபடி நடந்துகொண்டால் ஒன்று கூடுதல். சிகரெட்தான் அங்கே பரிசு, நிறுத்தி வைத்தால் அதுவே தண்டனை. 11 மணிக்கும் 4 மணிக்கும் டீ வரும், வாளியைச் சுற்றி எல்லோரும் நிற்போம். சிகரெட்டே பிடிக்காத ஒரு காலேஜ் பையன் எங்களோடு இருந்தான். 30 நாள் முடிந்து வெளியே போகும்போது அவன் பையில் ஒரு பாக்கெட் இருந்தது. அவனுடைய அப்பா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதைக் குடிக்காதவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு நாளிலேயே பொல்லாத நேரம் சாயங்காலம் 6 மணி. மெஷினை நிறுத்தி, கையில் இருக்கும் ஆயில் போக சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, சட்டையை மாற்றி வெளியே வந்தால், 15 வருஷம் பழகிய கால் தானாக ஒரு தெருப் பக்கம் திரும்பும். அந்தத் தெருவுக்குப் போகக்கூடாது. வீட்டுக்கு உடனே போகவும் உடம்பு கேட்காது. எங்கே போவது? கோயமுத்தூரில் ஆம்பளை காரணமில்லாமல் ஒரு மணி நேரம் நிற்க ஒரே இடம் பேக்கரி. கையில் சூடாக ஒரு கிளாஸ் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்துப் பெட்டிக்கடையில் கயிற்றில் லைட்டர் தொங்கும். ஒரு டீ, ஒரு தம். அது முடிந்தால் இன்னொன்று. மணி 8 ஆகிவிடும். ஒரு நாளைத் தாண்டிவிட்டோம். அந்த முதல் மாதங்களில் அந்த டீயும் சிகரெட்டும் என்னைத் தாங்கிப் பிடித்தன என்பதை நான் மறுக்கவே மாட்டேன்.

உடம்புக்குள்ளும் காரணம் இருக்கிறது. சாராயம் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைக் கிளறிவிடும். நிக்கோட்டினும் அதே வேலையைச் செய்கிறது, இழுத்த சில நொடிகளில். பெரிய ஊற்று அடைபட்டதும் மூளை சின்ன ஊற்றைத் தோண்ட ஆரம்பிக்கிறது. கூடவே தூக்கம் கெட்டுப் பகலெல்லாம் சோர்வு. களைப்பைச் சொல்லும் அடினோசின் என்ற பொருளை மூளையில் ஒட்டவிடாமல் கஃபீன் தடுக்கிறது. அதனால் டீ உள்ளே போனதும் தெம்பு வந்த மாதிரி இருக்கும்.

எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை இது. குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பை 1935-ல் அமெரிக்காவின் அக்ரான் நகரத்தில் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். 1934 டிசம்பருக்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை. ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதி சிகரெட் பிடித்தார். நுரையீரல் விரிந்து கெட்டுப்போகும் எம்பைசீமா வந்து, ஆக்சிஜன் வைத்துக்கொண்டு நடமாடும் நிலைக்குப் போய், 1971 ஜனவரியில் இறந்தார். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களைக் குடியிலிருந்து மீட்ட மனிதரின் முடிவு இது. எங்கள் அண்ணனுக்கு வந்தது புற்று, மற்றபடி அவர் முடிவும் இதே மாதிரிதான்.

2008-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ஏ.ஏ. உறுப்பினர்கள் 289 பேரிடம் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். 88.5 சதவீதம் பேர் காபி குடிக்கிறவர்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நாளைக்கு 4 கப்புக்கு மேல். 56.9 சதவீதம் பேர் சிகரெட் பிடிக்கிறவர்கள். அந்த நாட்டுப் பெரியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் அப்போது சிகரெட் பிடித்தார்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு கணக்கு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1972-க்கும் 1983-க்கும் இடையில் குடி முதலான போதைகளுக்காகச் சிகிச்சைக்கு வந்த 845 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து, 1996-ல் மயோ கிளினிக் என்ற பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் வெளியிட்டது. அதற்குள் 222 பேர் இறந்திருந்தார்கள். காரணம் தெரிந்த சாவுகளில் 50.9 சதவீதம் புகையிலையோடு தொடர்புடையவை, குடியோடு தொடர்புடையவை 34.1 சதவீதம். எந்தச் சனியனுக்குப் பயந்து மையத்துக்குப் போனார்களோ அதைவிடச் சட்டைப்பையில் இருந்ததுதான் அதிகம் பேரைக் கொண்டுபோயிருக்கிறது.

"சிகரெட்டையும் பிடுங்கினால் பையன் திரும்பக் குடிக்கப் போய்விடுவான்" என்கிறார்களே, அது உண்மையா? எனக்கும் இந்தப் பயம் பல வருஷம் இருந்தது, அதனால் தேடிப் படித்தேன். 19 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2004-ல் வந்தது. போதை சிகிச்சையோடு சேர்த்து சிகரெட்டை விடவும் உதவி பெற்றவர்கள் குடியிலிருந்தும் மற்ற போதைகளிலிருந்தும் நீண்டகாலம் விலகி இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதலாக இருந்ததாம். அதே 2004-ல் மினசோட்டாவில் 499 பேரிடம் நடந்த ஆய்வு கொஞ்சம் வேறு மாதிரி சொன்னது. இரண்டையும் ஒரே நேரத்தில் விட உதவி பெற்றவர்களைவிட, சிகரெட்டுக்கான உதவியை 6 மாதம் தள்ளிப் பெற்றவர்கள் குடி விஷயத்தில் நன்றாக நின்றார்கள். இதை மறைக்க நான் விரும்பவில்லை. முதல் மாதத்திலேயே விட்டாக வேண்டும் என்று யாரையும் நெருக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். ஆனால் அந்த ஆய்வில் தள்ளிப்போட்டது 6 மாதம். எங்கள் குழுவில் தள்ளிப்போட்டது 17 வருஷம்.

டீயையும் சிகரெட்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். டீ குடித்து யாருக்கும் நுரையீரல் போகாது. ஆரோக்கியமான பெரியவருக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பெரிய பாதகமில்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். டீ கெடுப்பது தூக்கத்தை. உள்ளே போன கஃபீனில் பாதி கழியவே சுமாராக 5 மணி நேரம் ஆகும். ராத்திரி 8 மணி டீயில் பாதி நடுராத்திரி 1 மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். குடியை நிறுத்தியவனுக்கு ஏற்கெனவே மாதக்கணக்கில் தூக்கம் சரியாக வராது. 2 மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது, ஒரு குவார்ட்டர் போட்டால் தூங்கிவிடலாம் என்று மனசு சொல்லும். எங்கள் குழுவில் வழுக்கி விழுந்தவர்களில் பாதிப் பேராவது அந்த நேரத்துக் கதையைச் சொல்வார்கள். இன்னொன்று சர்க்கரை. 14 டீ என்றால் 28 ஸ்பூன். 2019-ல் எனக்கு சுகர் எல்லைக்கோட்டில் வந்து நின்றது.

நான் சிகரெட்டை விட்டது 2021 மார்ச்சில். அதற்கு முன் இரண்டு தடவை முயற்சி செய்து தோற்றேன். காரணம் மூன்றாவது தடவைதான் புரிந்தது. சிகரெட் புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டுக் கஃபீனைச் சீக்கிரம் கழிக்க வைக்கும். ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் சில நாளில் குறைந்துவிடும். டீ மட்டும் அதே 14 என்றால் உடம்பில் கஃபீன் தேங்கும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், எரிச்சல் வரும். நான் அதை சிகரெட் இல்லாததால் வரும் தவிப்பு என்று நினைத்து, மறுபடி பற்றவைத்துவிட்டேன். இரண்டு தடவையும் இதேதான். மூன்றாவது தடவை டாக்டர் முதலில் டீயைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். 4 மணிக்கு மேல் டீயே கூடாது என்றார்.

நிக்கோட்டின் சூயிங்கமும் எழுதிக்கொடுத்தார். அதை மிட்டாய் மாதிரி மென்று தள்ளக்கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். டீ, காபி குடித்த 15 நிமிஷத்துக்குள் போட்டால் நிக்கோட்டின் சரியாக உள்ளே இறங்காது. நம் ஆட்கள் டீயைக் குடித்துக்கொண்டே கம் போட்டுவிட்டு, "இதெல்லாம் வேலைக்காகாது" என்கிறார்கள். யாராவது சொல்லித்தர வேண்டாமா?

மையம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அட்மிஷன் பேப்பரில் எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய், எவ்வளவு, என்ன சரக்கு என்று கேட்கிற இடத்திலேயே, எத்தனை பீடி, ஹான்ஸ் மாதிரி வாயில் ஒதுக்கும் புகையிலை போடுவாயா என்றும் கேட்டு எழுதுங்கள். சிகரெட்டைப் பரிசாகக் கொடுப்பதை மட்டுமாவது நிறுத்துங்கள். ஆறாவது மாதம் ஒரு போன் பண்ணி, இப்போது முயற்சி செய்யலாமா என்று கேளுங்கள். புகையிலையை விடுவதற்கு உதவ 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். ஒவ்வொன்றாகச் சில்லறையில் வாங்குகிறவன் பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி நீங்களே கொடுத்துவிடலாம். (குடியை வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வேண்டாம். சிலருக்கு வலிப்பு வரும். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.)

வீட்டில் இருப்பவர்களே, உங்கள் பயம் எனக்குத் தெரியும். முதல் சில மாதம் எதுவும் சொல்லாமல் இருந்தால் அதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு வருஷம் ஆன பிறகும் அந்தப் பெயிண்ட் டப்பாவை அப்படியே திரும்ப வைக்காதீர்கள். திட்டவும் வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்.

போன ஞாயிறு கூட்டத்துக்கு ஒரு தம்பி வந்திருந்தான். குடியை நிறுத்தி 23 நாள். டீ இடைவேளையில் எழுந்து வெளியே போனான். வழக்கமாக நான் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன், அன்றைக்குப் பின்னாலேயே போனேன். ஒரு நாளைக்கு எத்தனை தம்பி என்று கேட்டேன். திகைத்துப்போய்ப் பார்த்தான். "இதை யாருமே என்கிட்டக் கேட்டதில்லைங்கண்ணா" என்றான். யோசித்துவிட்டு 18 இருக்கும் என்றான். விடச் சொல்லவில்லை. ஒரு சின்ன நோட்டு வாங்கி, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு, அப்போது மனசு எப்படி இருந்தது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். டீயையும் சேர்த்து எழுதணுமா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

நாளைக்குக் கூட்டம். நோட்டைக் கொண்டுவருகிறேன் என்று காலையில் போன் பண்ணினான்.