பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு வழி விட்டால் என்ன குறைந்துவிடும்?

மலைப்பாதையில் எனக்குக் கோபம் வருவது இரண்டு பேர் மேல். கண்ணாடியை நிறைத்துக்கொண்டு பின்னாலேயே ஒட்டி வந்து, ஹாரன் அடித்து, ஹை பீம் போட்டு உயிரை எடுக்கிறவர் ஒருவர். இன்னொருவர், பின்னால் எட்டுப் பத்து வண்டிகள் ஊர்ந்து வருவது தெரிந்தும், ஒதுங்க இடம் வந்தும், சாலைக்குப் பட்டா வாங்கியவர் மாதிரி நடுவிலேயே போய்க்கொண்டிருப்பவர். முதல் ஆளை எல்லோரும் திட்டுகிறோம். இரண்டாவது ஆள் "நான் பத்திரமாத்தானே போறேன்" என்று தப்பித்துக்கொள்கிறார்.

மெதுவாகப் போவது தப்பே இல்லை. வளைவு பழகாதவர், குழந்தைகளை வைத்திருப்பவர், சரக்கு ஏற்றியவர் எல்லாம் மெதுவாகத்தான் போக வேண்டும். ஆனால் அகலமான இடம் வந்ததும் இண்டிகேட்டர் போட்டு அரை நிமிடம் ஓரம் கட்டினால் பின்னால் கொதித்துக்கொண்டிருப்பவர்கள் அத்தனை பேரும் கடந்து போய்விடுவார்கள். அது நடக்காதபோதுதான் எவனோ ஒருவன் பொறுமை போய் எதிரே வருவது தெரியாத வளைவில் முந்தப் பார்க்கிறான். முந்துவது அவன் குற்றம்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

அவனுக்கு ஒரு கணக்கு. பேருந்து 30 கி.மீ. வேகத்தில் போகிறது, நீங்கள் 40-ல் முந்துகிறீர்கள். வித்தியாசம் 10 கி.மீ., அதாவது நொடிக்கு மூன்று மீட்டர்கூட இல்லை. பேருந்தின் நீளம், முன்னும் பின்னும் விடும் இடைவெளி எல்லாம் சேர்த்து 35 மீட்டர் என்று வைத்தாலும் 12 நொடிக்கு மேல் எதிர்ப்பக்கத்தில் இருப்பீர்கள். அதற்குள் உங்கள் வண்டி 140 மீட்டர் ஓடியிருக்கும், எதிரே 40-ல் வருகிறவரும் 140 மீட்டர் வந்திருப்பார். ஆக 280 மீட்டர் சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவில் அதை எங்கே போய்த் தேடுவது? சரி, மிச்சம் என்ன? 20 கி.மீ. மலையை 30-க்குப் பதில் 35-ல் கடந்தால் ஆறு நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது.

லாரிக்காரர் கை காட்டினார், அதனால் முந்தினேன் என்பார்கள் சிலர். அவர் நல்ல மனசோடுதான் காட்டியிருப்பார், ஆனால் உங்கள் வண்டிக்கு எவ்வளவு இழுவை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதைவிட எனக்கு எரிச்சல், பாடம் புகட்டுகிற கூட்டம். பின்னால் ஒட்டி வருகிறவனைப் பயமுறுத்தத் திடீரென்று பிரேக் அடிப்பது, முந்த வந்தவனை விடாமல் வேகம் கூட்டுவது. அவன் பக்கவாட்டில் வந்துவிட்ட பிறகு நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், எதிரே வருகிற ஒன்றுமறியாத குடும்பம்தான் அந்தப் பாடத்தைப் படிக்கும். அவசரக்காரன் முன்னால் போய்விட்டால் நமக்கு லாபம், இனி அவன் அடுத்தவர் தலைவலி.

ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவதும் இப்படித்தான் கௌரவப் பிரச்சினை ஆகிறது. எதிரெதிரே போக முடியாத மலைச் சாலையில் இறங்குகிறவர்தான் ஒதுங்க வேண்டும் என்பதை 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமே சொல்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவது கஷ்டம், அவ்வளவுதான் விஷயம். நீளமான பேருந்து கொண்டை ஊசியில் திரும்பும்போது அதன் பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், முழுச் சாலையும் அதற்கு வேண்டும். அதனால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், பாதி வளைவில் போய் மூக்கை நுழைத்துவிட்டு டிரைவரை முறைக்காதீர்கள்.

அப்புறம், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "விடாத மாப்ள, ஏறு ஏறு" என்று உசுப்பேற்றுகிற மச்சான்கள். அவர்களைப் பின் சீட்டுக்கு மாற்றுங்கள். நாலு வளைவு தாண்டினால் வயிறு கலங்கி, அவர்களே மெதுவாகப் போகச் சொல்வார்கள்.