அலாரம் ஆஃப் ஆச்சா, அடிச்சுச்சா?

(தாமதமாக வந்ததற்கு மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதம் எழுதிய முத்து, அதைப் பக்கத்து இருக்கை செல்வி அக்காவிடம் நீட்டுகிறான்.)

முத்து: அக்கா, ஸ்பெல்லிங் மட்டும் ஒரு தடவை பாத்துக் குடுங்க. கிராமரெல்லாம் பக்கா.

செல்வி: குடு. "தி அலாரம் வென்ட் ஆஃப், ஸோ ஐ ஓவர்ஸ்லெப்ட்." ஏன்டா, அலாரம் அடிச்சும் தூங்கிட்டியா?

முத்து: அடிக்கவே இல்லக்கா. ஆஃப் ஆகிப்போச்சு. அதான் வென்ட் ஆஃப்.

செல்வி: அலாரம் வென்ட் ஆஃப்னா அடிச்சுதுன்னு அர்த்தம். "அலாரம் அலறுச்சு, அதனால அசந்து தூங்கிட்டேன்"னு எழுதி வச்சிருக்க.

முத்து: ஆஃப்னா அணையறதுதானே?

செல்வி: லைட் வென்ட் ஆஃப்னா அணைஞ்சுது. அலாரம் வென்ட் ஆஃப்னா கத்துச்சு. பாம் வென்ட் ஆஃப்னா வெடிச்சுது. மில்க் வென்ட் ஆஃப்னா பால் கெட்டுப்போச்சு. கடைசியா சொன்னது பிரிட்டிஷ்காரங்க பேச்சு, அமெரிக்காவுல வென்ட் பேட்.

முத்து: எரியறதை அணைக்குது, சும்மா கிடக்கறதை வெடிக்க வைக்குது. இது வார்த்தையா, ரவுடியா?

செல்வி: இருந்த நிலையை விட்டு விலகறதுன்னு வச்சுக்கோ, கொஞ்சம் பிடிபடும். எரிஞ்சது அணையுது, சும்மா இருந்தது கத்துது. "தி அலாரம் டிட் நாட் கோ ஆஃப்"னு மாத்து. அடிச்சதை நீ அமுக்கி நிறுத்தினா அது டர்ன் ஆஃப்.

முத்து: அதை எழுத மாட்டேன். உண்மை வெளிய வந்துடும்.

செல்வி: சரி, அடுத்தது. "ஆன் தி வே ஐ ரான் ஓவர் மை நெய்பர். ஐ ஷவுட்டட் அட் ஹிம். தென் ஐ புட் டவுன் ஹிஸ் டாக்." டேய், இது மேனேஜருக்குப் போற கடிதமா, போலீஸுக்குக் குடுத்த வாக்குமூலமா?

முத்து: என்னக்கா தப்பு? வழியில பக்கத்து வீட்டுக்காரரைத் தற்செயலா பாத்தேன். கூப்பிட்டேன். அவரோட நாய் மேல தாவுச்சு, தூக்கிக் கீழ விட்டேன்.

செல்வி: நீ எழுதினது, பக்கத்து வீட்டுக்காரர் மேல வண்டியை ஏத்தினேன், அவரைத் திட்டினேன், அப்புறம் அவர் நாயை ஊசி போட்டுக் கொன்னேன்.

முத்து: ஐயையோ!

செல்வி: ரன் ஓவர்னா வண்டி ஏத்தறது. எதிர்பாராம சந்திச்சா ரன் இன்டு.

முத்து: அப்ப "ஐ ரான் இன்டு ஹிம்". பிரச்சனை இல்ல.

செல்வி: பக்கத்துல பைக், கார்னு எழுதாத வரைக்கும் இல்ல. "மை கார் ரான் இன்டு ஹிம்"னா மோதிடுச்சுன்னு ஆயிடும்.

முத்து: மறுபடியும் ஆஸ்பத்திரியா?

செல்வி: அடுத்து, ஷவுட் அட்னா கோவத்துல கத்தறது. அவர் காதுல விழணும்னு உரக்கக் கூப்பிட்டா ஷவுட் டு. த்ரோவும் அப்படித்தான். பந்தை ஒருத்தர் பிடிக்கணும்னு போட்டா த்ரோ டு. அவர் மண்டையைக் குறி வச்சா த்ரோ அட். அட்டுக்குப் பின்னாடி நிக்கற ஆள் குறி, டுவுக்குப் பின்னாடி நிக்கறவர் வாங்கிக்கறவர்.

முத்து: நாய்?

செல்வி: பையைப் புட் டவுன் பண்ணலாம், பேனாவைப் பண்ணலாம். நாயைன்னா கருணைக்கொலைன்னுதான் முதல்ல படிப்பாங்க.

முத்து: சரி, புட் வேண்டாம். "ஐ லெட் தி டாக் டவுன்."

செல்வி: நாயோட நம்பிக்கையைக் கெடுத்துட்டேன்னு அர்த்தம்.

முத்து: நாய்க்கு என் மேல நம்பிக்கையே கிடையாதே!

செல்வி: "ஐ செட் தி டாக் டவுன் ஆன் தி கிரவுண்ட்"னு எழுது. தரைன்னு சொல்லிட்டா நாய் பிழைச்சுக்கும். அடுத்து, "மை பைக் ரான் அவுட் ஃப்ரம் பெட்ரோல்." ஃப்ரம் இல்ல, ரான் அவுட் ஆஃப். பைக் பெட்ரோலுக்குள்ளேயிருந்து வெளிய ஓடி வரல.

முத்து: அப்புறம் பாருங்க, நல்லா வந்திருக்கு. "ப்ளீஸ் டோன்ட் பி ஆங்க்ரி ஆன் மீ. வி கேன் டிஸ்கஸ் அபவுட் இட். ஐ ரிக்வெஸ்ட் ஃபார் ஹாஃப் டே லீவ்."

செல்வி: தமிழ் வேற்றுமை உருபையெல்லாம் அப்படியே கழட்டி ஆங்கிலத்துல மாட்டியிருக்க. என் "மேல" கோவப்படாதீங்க, அதனால ஆன். அதைப் "பத்தி" பேசலாம், அதனால அபவுட். ஆங்க்ரிக்கு ஆள்னா வித், இல்ல அட். விஷயம்னா அபவுட். டிஸ்கஸுக்கு ஒண்ணுமே வேண்டாம், "டிஸ்கஸ் இட்" அவ்வளவுதான்.

முத்து: "டிஸ்கஷன் அபவுட்"னு எத்தனை தடவை படிச்சிருக்கேன்!

செல்வி: டிஸ்கஷன் பெயர்ச்சொல், அதுக்கு வரும். வினையா நின்னா வராது. ரிக்வெஸ்டும் அதே கதை. "மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" சரி, "ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" தப்பு. ரூமுக்குள்ள என்டர் பண்ணவும் இன்டு வேண்டாம். ஒப்பந்தத்துல இறங்கினா மட்டும் என்டர் இன்டு.

முத்து: ரூமுக்குள்ள போக வேண்டாம், காகிதத்துக்குள்ள போக வேணும். நியாயமா இருக்கு.

செல்வி: "ப்ளீஸ் டோன்ட் டர்ன் டவுன் இட்." இதுல அர்த்தம் சரி, நிராகரிக்காதீங்க. இட்டை நடுவுல வை. டர்ன் இட் டவுன்.

முத்து: "டர்ன் டவுன் மை ரிக்வெஸ்ட்"னு எழுதலாம்ல?

செல்வி: எழுதலாம். "டர்ன் மை ரிக்வெஸ்ட் டவுன்"னும் எழுதலாம். பெயர்ச்சொல் ரெண்டு இடத்துலயும் உக்காரும். இட், ஹிம், தெம் மாதிரி சின்னதெல்லாம் நடுவுலதான்.

முத்து: புரிஞ்சுது. லுக் இட் அட், லுக் ஹெர் ஆஃப்டர்.

செல்வி: அது பிரியாத ஜோடி! லுக் அட் இட், லுக் ஆஃப்டர் ஹெர்.

முத்து: எது பிரியும், எது பிரியாதுன்னு ஜாதகமா பாக்க முடியும்?

செல்வி: வாய்விட்டுச் சொல்லிப் பாரு. டர்ன் இட் டவுன்ல அழுத்தம் டவுன் மேல விழும், லுக் அட் இட்ல லுக் மேல. எல்லாத்துக்கும் இது கை குடுக்காது. அதனால ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி மாணவர் அகராதியைப் புரட்டு. டர்ன் சம்திங் டவுன்னு போட்டிருந்தா பிரியும், லுக் ஆஃப்டர் சம்படின்னு கடைசியில போட்டிருந்தா பிரியாது. ரன் அவுட் ஆஃப், புட் அப் வித் மாதிரி மூணு சேர்ந்த கூட்டணிக்குள்ள நீ போய் நடுவுல நிக்காத.

முத்து: இதெல்லாம் வேணும்னே கண்டுபிடிச்சிருக்காங்கக்கா.

செல்வி: சாமுவேல் ஜான்சன் 1755ல போட்ட ஆங்கில அகராதியோட முன்னுரையிலேயே, வெளிநாட்டுக்காரங்க திணறப் போற இடம் இதுதான்னு எழுதி வச்சிட்டார்.

முத்து: தெரிஞ்சும் விட்டு வச்சாரா?

செல்வி: நீ மட்டும் யோக்கியமா? கையெழுத்துப் போட்டுக் குடுன்னாலும் போட்டுக் குடு, மேனேஜர்கிட்ட போட்டுக் குடுத்தான்னாலும் போட்டுக் குடு. தமிழ் கத்துக்கற வெளிநாட்டுக்காரன் யார்கிட்ட போய் அழுவான்?

முத்து: அவனை என்கிட்ட அனுப்புங்க, சேர்ந்தே அழறோம்.

செல்வி: இந்த வரி ரொம்ப ஆபத்து. "ஐ ஆம் யூஸ்ட் டு கமிங் லேட்."

முத்து: முன்னாடி லேட்டா வருவேன், இப்ப திருந்திட்டேன்னு.

செல்வி: லேட்டா வந்து வந்து எனக்குப் பழகிப்போச்சுன்னு எழுதியிருக்க. "ஆம்"ங்கறதை எடுத்துட்டு, கமிங்கைக் கம்னு வை. "ஐ யூஸ்ட் டு கம் லேட்." "ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ"ல மட்டும் தலைகீழ், அங்க மீட்டிங் வரணும்.

முத்து: இங்க ஐஎன்ஜியைப் பிடுங்கறீங்க, அங்க ஒட்டறீங்க. டுவுக்கு அப்புறம் என்னதான் வரும்?

செல்வி: டுவுக்குப் பின்னாடி ஒரு பெயர்ச்சொல்லை வச்சுப் பாரு. "லுக் ஃபார்வர்ட் டு தி வீக்கெண்ட்" நிக்குதா? அப்ப ஐஎன்ஜி. "வான்ட் டு தி வீக்கெண்ட்" தடுக்கி விழுதா? அப்ப வெறும் வினை.

முத்து: இனி ஒரே வரிதான். "ப்ளீஸ் லுக் ஓவர் மை மிஸ்டேக்."

செல்வி: என் தப்பை ஒரு தடவை முழுசா பாருங்கன்னு நீயே கேக்கற.

முத்து: கண்டுக்காம விட்டுடுங்கன்னு சொல்லணும்க்கா.

செல்வி: ஓவரை முன்னாடி ஒட்டு. ஓவர்லுக்.

முத்து: பின்னாடி நின்னா பாப்பாங்க, முன்னாடி வந்தா பாக்க மாட்டாங்க!

செல்வி: டேக் ஓவர், ஓவர்டேக்கும் அப்படித்தான். ஓவர்டேக்னா முந்திப் போறது. டேக் ஓவர்னா பொறுப்பைக் கையில எடுக்கறது, ஒரு கம்பெனியையே வளைச்சுப் போடறதுக்கும் அதுதான்.

முத்து: அடுத்த வாரம் மேனேஜர் லீவு. "ஐ வில் டேக் ஓவர்"னு கீழ ஒரு வரி சேத்துடவா?

செல்வி: அவர் திரும்பி வர்ற வரைக்கும் பாத்துக்கறதுன்னா "ஐ வில் ஸ்டாண்ட் இன் ஃபார் யூ" போதும்.

முத்து: இல்லக்கா, டேக் ஓவரே இருக்கட்டும்.