‘ஏழை படும் பாடு’ நாவலில் வருவது 1789 புரட்சி அல்ல

ஒருவர், பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசராப்ள’ (நம்மிடம் சுத்தானந்த பாரதியார் மொழிபெயர்ப்பில் ‘ஏழை படும் பாடு’) 1789 பிரெஞ்சுப் புரட்சியின் கதை, அதைப் படித்துத்தான் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்வதால் சொல்கிறேன், அது சரியில்லைங்க. ஹ்யூகோ பிறந்ததே 1802-ல், நாவல் வெளிவந்தது 1862-ல்.

அதில் வரும் தெருச்சண்டை 1832 ஜூன் 5, 6 தேதிகளில் பாரிஸில் நடந்த எழுச்சி. அந்த வருடம் காலரா நகரத்தையே உலுக்கியது, ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் சாவு அதிகம். மக்கள் பக்கம் நின்றவர் என்று பெயரெடுத்த தளபதி லமார்க்கும் காலராவில்தான் இறந்தார், அவருடைய இறுதி ஊர்வலமே கலவரமாக வெடித்து, இரண்டே நாளில் ராணுவத்தால் நசுக்கப்பட்டது. தோற்றுப்போன, பலரும் மறந்துவிட்ட ஓர் எழுச்சியை முப்பது வருடம் கழித்தும் ஹ்யூகோ விடாமல் எழுதியிருக்கிறார், எனக்கு இந்த நாவலில் பெரிய விஷயமே அதுதான்.

நீங்களே சரிபார்க்கலாம். சுருக்கப் பதிப்பு வேண்டாம், புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற மின்நூல் தளத்தில் முழு நாவலும் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் அத்தியாயத்தின் முதல் வரியிலேயே 1815 என்று இருக்கும். அப்புறம் நான்காம் பாகத்தில் பத்தாம் புத்தகத்தைப் பாருங்கள், அதன் தலைப்பே ‘1832 ஜூன் 5’.