ஸ்கேன் சுத்தம், ஆனால் சித்தப்பா ஏன் இப்படி இருக்கிறார்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில், மூளைக் கட்டிக்குச் சிகிச்சை முடித்த எங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம்தான் வருகிறது. "கட்டி போயிடுச்சே, அப்புறம் ஏன் எந்நேரமும் படுத்தே கிடக்கிறார்?" கோயில் கமிட்டிக் கணக்கைப் பல வருடம் பிசகில்லாமல் எழுதியவர். இப்போது யார் சந்தா கொடுத்தார்கள் என்பதே மனதில் நிற்பதில்லை. சோம்பல் என்கிறார்கள், வயசு என்கிறார்கள். தலைக்கு ரேடியேஷன் வாங்கியவர் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

கதிர் கட்டியோடு நிற்காது. எக்ஸ்ரே கதிர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகும். வழியில் இருக்கும் திசுவெல்லாம் ஒரு பங்கு வாங்கும். கிளையோமா என்ற மூளைக் கட்டி போன்றவற்றில் ஸ்கேனுக்குத் தெரியாத செல்கள் சுற்றிலும் ஊடுருவியிருக்கும் என்பதால், ஓரத்து நல்ல மூளையையும் தெரிந்தே சேர்த்துக்கொள்கிறார்கள். மொத்தம் 50 முதல் 60 கிரே (கதிர் அளவின் அலகு), ஏறக்குறைய ஆறு வாரம். இதை நான் குறை சொல்லவில்லை, சித்தப்பா உயிரோடு இருப்பதே அதனால்தான்.

முடி கொட்டுவதும் களைப்பும் உடனே தெரியும். மெதுவாக வருவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கழித்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெடும், நரம்பு இழைகளின் மேலுறை தேயும். புது விஷயங்களை நினைவில் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் இதில் ரொம்ப மென்மையான இடம். மற்ற சுரப்பிகளை இயக்கும், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிமேல் கதிர் பட்டிருந்தால் ஹார்மோன்கள் ஒவ்வொன்றாகக் குறையலாம். தைராய்டும் கார்ட்டிசோலும் குறைந்த மனிதரை "எழுந்து நட" என்று திட்டி என்ன பயன்? ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தால் மாத்திரை இருக்கிறது!

எக்ஸ்ரேக்குப் பதில் புரோட்டான் கதிர் கொடுத்தால் அது குறித்த ஆழத்தில் நின்றுவிடும், கட்டிக்குப் பின்னால் இருக்கும் திசு தப்பும். நம் நாட்டிலேயே, கேப்டவுன் பக்கம் இன்று ஐதெம்பா எனப்படும் ஆய்வகத்தில், 1993இல் அந்தச் சிகிச்சையைத் தொடங்கினார்கள், பிறகு நின்றுபோனது. எனக்கு அது பெரிய வருத்தம். 2017இல் எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் டாக்டரும் மெஷினும் போதாமல் புற்றுநோயாளிகளின் உரிமை மீறப்படுகிறது என்று தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையமே சொன்னது. அந்த நெரிசலில் பின்விளைவை யார் உட்கார்ந்து விளக்குவார்கள்?

அதனால் நாம்தான் கேட்க வேண்டும். கதிர் கொடுக்கும்போது தலை அசையாமல் பிடிக்கும் முகமூடிக்கு அளவெடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: ஹிப்போகேம்பஸுக்கு எவ்வளவு போகும், பிட்யூட்டரிக்கு எவ்வளவு? ஞாபகசக்திப் பரிசோதனையும் ஹார்மோன் டெஸ்டும் அப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை. சிகிச்சை முடிந்து பல வருடமானவர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த கிளினிக் தேதியில் கூடப் போய் அந்த ஹார்மோன் டெஸ்டை எழுதி வாங்குங்கள்.