பிஆர் போதும் என்று இருந்துவிடாதீர்கள்

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தகுதி வந்து பல வருடங்கள் ஆகியும் பிஆர் (குடியேறிய நாட்டில் நிரந்தரமாக வசிக்கத் தரும் அனுமதி) அட்டையையே திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். கேட்டால், "வேலை செய்யலாம், வீடு வாங்கலாம், பிள்ளைகள் படிக்கலாம், ஓட்டு ஒன்றுதானே இல்லை, என்ன அவசரம்?" என்பார்கள். ஓட்டைப் பற்றிப் பிறகு வருகிறேன். அவசரம் இருக்கிறது என்பதுதான் என் கருத்து. பழைய குடியுரிமையை விட மனம் வராமல், யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களை நான் எதுவும் சொல்லவில்லை, அது அவர்கள் உரிமை. நான் பேசுவது முடிவே எடுக்காமல் தள்ளிப்போடுகிறவர்களிடம்.

பிஆர் நிபந்தனையோடு கிடைத்த அனுமதி, அதை இழக்கப் பல வழிகள் இருக்கின்றன. கனடாவில் ஐந்து வருடத்தில் 730 நாட்களாவது நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் பொதுவாக இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் ஐஎல்ஆர் (அந்த நாட்டின் பிஆர்) காலாவதியாகிவிடும். அமெரிக்காவில் கிரீன் கார்டு (அங்கத்திய பிஆர் அட்டை) வைத்திருப்பவர் முன் அனுமதி வாங்காமல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்கினால் திரும்பி வரும்போது விமான நிலையத்திலேயே சிக்கல். இதெல்லாம் நமக்கு நடக்காது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் அப்பாவோ அம்மாவோ படுத்த படுக்கையாகி, கூட இருந்து பார்க்க வேறு யாரும் இல்லை என்கிற நிலை எந்த வீட்டுக்கும் வரலாம், அந்த நேரத்தில் ஒரு கண்ணை அப்பாவின் மேலும் இன்னொரு கண்ணை நாட்காட்டியின் மேலும் வைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை. குடிமகனுக்கு அந்தக் கணக்கே கிடையாது. எத்தனை வருடம் தங்கினாலும் திரும்பி வரலாம்.

சட்டத்தில் மாட்டிக்கொள்வது அடுத்தது. கனடாவில் 2018 டிசம்பரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டும் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையை ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமாக உயர்த்தினார்கள். பத்து வருடம் என்று ஆனதுமே குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது கடுமையான குற்றம். ஒரே இரவில் ஒரே தப்பைச் செய்த இரண்டு பேரில் குடிமகன் அபராதம் கட்டி, லைசென்ஸைக் கொஞ்ச காலம் இழந்து வீட்டில் இருப்பார், பிஆர் வைத்திருப்பவர் நாட்டைவிட்டே அனுப்பப்படலாம். குடித்துவிட்டு ஓட்டுவதை நான் நியாயப்படுத்தவில்லை. தண்டனையில் இருக்கும் இந்த வித்தியாசம் நம் வீடுகளில் பலருக்குத் தெரிவதே இல்லை, அதுதான் எனக்குக் கவலை.

தப்பே செய்யாதவர்களும் மாட்டியிருக்கிறார்கள். 2017 ஜனவரி 27 அன்று அமெரிக்காவில் ஏழு நாட்டவர்களுக்குப் பயணத் தடை போட்டார்கள் அல்லவா, அதில் கிரீன் கார்டு வைத்திருந்தவர்களும் விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டார்கள். சில நாட்களில் அவர்களுக்கு விலக்கு என்று தெளிவுபடுத்தினார்கள், சரி, ஆனால் அந்த நாட்களில் நடுவானில் இருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். பிரிட்டனில் விண்ட்ரஷ் தலைமுறைக்கு நடந்தது இதைவிட மோசம். 1948க்கும் 1973க்கும் இடையில் கரீபியன் நாடுகளிலிருந்து வந்து, சட்டப்படி தங்கும் உரிமையோடு, அங்கேயே உழைத்து வயதானவர்கள். கையில் அதை நிரூபிக்கக் காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வேலை போனது, மருத்துவம் மறுக்கப்பட்டது, சிலர் காவலில் வைக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018இல் விஷயம் வெடித்து உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலக வேண்டி வந்தது. வாழ்ந்த வருடங்கள் தானாக வந்து நமக்குச் சாட்சி சொல்லாது என்பதை அந்த மக்களின் அனுபவத்தைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை.

இப்போது ஓட்டு. நாம் வரி கட்டும் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பணம், பேருந்து எந்தத் தெருவரை வரும், வாடகைச் சட்டம் எப்படி, குடியேறுபவர்களை எப்படி நடத்துவது என்பதையெல்லாம் நம்மைக் கேட்காமலே முடிவு செய்கிறார்கள். தேர்தல் நேரத்தில் குடியேறிகளைத் திட்டிப் பேசுகிற வேட்பாளருக்கு நாம் ஓட்டு இல்லாத கூட்டம் என்று நன்றாகவே தெரியும். ஆயிரம் பேர் இருக்கும் ஒரு வட்டாரத்தில் நூறு பேருக்குத்தான் ஓட்டு என்றால் அந்த நூறு பேருக்கு உரிய மரியாதைதான் கிடைக்கும். விதிவிலக்குகள் உண்டு: நியூசிலாந்தில் ஒரு வருடம் தொடர்ந்து வாழ்ந்த பிஆர்கள் ஓட்டுப் போடலாம், பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் இந்தியரும் இலங்கையரும் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலே வாக்காளராகப் பதியலாம் (அங்கே இருந்துகொண்டு இன்னும் பதியாதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள்). அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் அப்படியில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் தள்ளிப்போடுவது நேரடியாகவே நஷ்டம். அமெரிக்காவில் கிரீன் கார்டோடு பெற்றோருடன் அங்கேயே வாழும் பிள்ளை 18 வயதுக்குள் இருக்கும்போது அப்பாவோ அம்மாவோ குடியுரிமை பெற்றுவிட்டால் பிள்ளையும் தானாகவே குடிமகனாகிவிடும். 18 தாண்டிவிட்டால் அந்த வழி மூடிவிடும், பிள்ளை தனியாக விண்ணப்பித்து, தனியாகத் தேர்வு எழுதி வர வேண்டும். மகனுக்கு 16 வயது என்றால் நீங்கள் "அடுத்த வருடம் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் நிலையில் இல்லை. அங்கே பெற்றோரை ஸ்பான்சர் செய்வதும் 21 வயது நிரம்பிய குடிமக்களால்தான் முடியும், கிரீன் கார்டு வைத்து முடியாது.

வீட்டுப் பெரியவர்களையும் விட்டுவிடாதீர்கள். "அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, எப்படித் தேர்வு எழுதுவார்" என்று பிள்ளைகளே முடிவு செய்து அம்மாவைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கனடாவில் 55 வயது ஆனவர்களுக்கு மொழிச் சான்றும் கிடையாது, தேர்வும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் 60 ஆனால் தேர்வு இல்லை. அமெரிக்காவில் 55 வயதும் கிரீன் கார்டில் 15 வருடமும் ஆனவர் குடிமைத் தேர்வைத் தமிழிலேயே மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்லலாம். தேர்வைக் கண்டு மற்றவர்களும் மலைக்க வேண்டாம், கனடாவில் 20 கேள்வியில் 15 சரியாக இருந்தால் போதும், படிக்க வேண்டியது அரசே இலவசமாகத் தருகிற ஒரு சின்னப் புத்தகம். ஆஸ்திரேலியாவில் மட்டும் கொஞ்சம் கவனம்: 20இல் ஐந்து கேள்விகள் அந்த நாட்டின் விழுமியங்களைப் பற்றியவை, அந்த ஐந்தில் ஒன்று தப்பானாலும் தேர்ச்சி இல்லை.

உண்மையில் ஆட்கள் சறுக்குவது தேர்வில் அல்ல, நாள் கணக்கில். கனடாவில் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும், பிஆர் வருவதற்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும், அப்படி அதிகபட்சம் 365 நாட்கள். சரியாக 1,095 வந்ததும் போடாதீர்கள், பத்து இருபது நாள் கூடுதலாக வைத்துப் போடுங்கள், மறந்துபோன ஒரு குட்டிப் பயணம் போதும் மொத்தத்தையும் கவிழ்க்க. பிரிட்டனில் ஐந்து வருடத்தில் 450 நாட்கள், கடைசி ஒரு வருடத்தில் 90 நாட்கள் என்பதுதான் வெளியே இருந்ததற்கான வரம்பு, கூடவே விண்ணப்பம் போய்ச் சேரும் தேதிக்குச் சரியாக ஐந்து வருடம் முன்பு அதே தேதியில் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்றொரு விதி உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன. இனிமேலாவது போன தேதி, வந்த தேதி, போன நாடு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்புறம் நம் பெயர். அப்பா பெயர் இனிஷியலாக இருந்து, பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயராகி, பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, கல்யாணச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டு, பிள்ளைக்கு மூன்றாவதாக ஒன்று. அலுவலகங்களில் கணவன், மனைவி, பிள்ளை மூவரும் ஒரே குடும்பம்தானா என்று சந்தேகமாகப் பார்க்கிறார்கள். இதை விண்ணப்பத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள், அல்லது எல்லாப் பெயர்களும் ஒருவருடையதுதான் என்று உறுதிமொழிப் பத்திரம் தயாராக வையுங்கள். அமெரிக்காவில் குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றமும் கேட்க இடமிருக்கிறது.

பழைய பாஸ்போர்ட்டைக் கொடுப்பது வலிக்கும். வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, வேறு நாட்டுக் குடியுரிமையை நாமாகப் பெற்ற நொடியிலேயே 1955ஆம் வருடச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம், ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வாங்கினால் விசா இல்லாமல் வாழ்நாள் முழுவதும் போய் வரலாம், ஆனால் ஓட்டுக் கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஊரில் நிலம் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இலங்கைக் குடிமக்களுக்கு வழி இருக்கிறது, புதிய குடியுரிமை வருவதற்கு முன்பே விண்ணப்பித்துப் பழையதைத் தக்கவைக்கலாம், வந்த பிறகும் மீண்டும் பெற விண்ணப்பிக்கலாம். ஆனால் 2022இல் வந்த 21ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி இரட்டைக் குடியுரிமை உள்ளவர் அங்கே நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது.

ஒரு சிலர் மட்டும் அவசரப்பட வேண்டாம். எப்போதாவது கைதாகியிருந்தால், வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும்கூட, அல்லது வரிக் கணக்கு தாக்கல் செய்யாத வருடங்கள் இருந்தால், அல்லது யாரோ சொன்னார்கள் என்று குடிமகனாகும் முன்பே அமெரிக்காவில் ஓட்டுப் போட்டிருந்தால், விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். விண்ணப்பம் போட்டதும் பழைய கோப்புகள் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்கள், அதில் கிடைப்பதை வைத்து பிஆரையே பறிக்கும் நடவடிக்கை தொடங்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. விவரம் தெரிந்த நண்பர் நிரப்பித் தரக்கூடிய ஃபார்ம் அல்ல அது, வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.