சிம்பா மாட்டை விற்றுவிட்டார்

சிம்பா மாட்டை விற்றுவிட்டார். இரண்டு கோடிக்குப் போனது. மிரள வேண்டாம், இந்தோனேசிய ரூபியாவில். நம் ரூபாய்க்கு ஏறக்குறைய ஒரு லட்சம். இந்த நாட்டில் கோடீஸ்வரன் ஆக ஒரு மாடு போதும்.

சிம்பா என்பது பெயரில்லை. ஜாவா மொழியில் தாத்தாவையும் பாட்டியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஜாவாவின் சோலோ நகரம் பக்கம் நான் வேலை பார்க்கும் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருப்பவரின் அப்பா இவர். எட்டு வருடமாக லெபாரானுக்கு, அதாவது ரம்ஜான் பெருநாளுக்கு, அவர்கள் ஊருக்குப் போய்வருகிறேன். வொனோகிரி மாவட்டத்தின் தெற்குக் கோடி. வொனோ என்றால் வனம், கிரி என்றால் கிரியேதான். ஊர்ப் பெயர் வேண்டாம், சின்ன ஊர்.

மாடு விற்ற பணம் பேரனுக்கு. ஜகார்த்தாவை ஒட்டிய பெக்காசியில் பக்சோ வண்டி போடப்போகிறான். பக்சோ என்றால் மாட்டிறைச்சி உருண்டை போட்ட சூப். வண்டி, அடுப்பு, பாத்திரம், முதல் மாத வாடகை எல்லாவற்றுக்கும் சேர்த்து சிம்பா சொன்ன சொல் 'மொடால்'. நம் முதல்தான் கப்பலேறிப் போய் அங்கே மொடால் ஆகியிருக்கிறது. கூலியும் போயிருக்கிறது. ஆனால் அங்கே கூலி என்றால் சம்பளம் இல்லை, சுமை தூக்குகிற ஆள்.

என் டைம்லைனில் மாதத்துக்கு ஒருவராவது ஜாவா, பாலி வயல்வெளிப் படத்தைப் போட்டு, 'இயற்கையோடு இயைந்த தன்னிறைவு வாழ்க்கை' என்று எழுதுகிறீர்கள். அந்தப் பச்சை நிஜம்தான், மறுக்கவில்லை. தன்னிறைவுதான் இடிக்கிறது. சிம்பா ஊரில் வயலை நம்பி யாரும் சோறு தின்பதில்லை. குனுங் செவு என்கிற சுண்ணாம்புக்கல் குன்றுகள் அது. பெய்கிற மழை பாறைக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். மானாவாரியாக ஒரு பட்டம் நெல், பிறகு மக்காச்சோளம், கடலை, மரவள்ளி. ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்க வேண்டும். ஆட்டை விற்றுத் தண்ணீர் வாங்கிய வருடங்களை சிம்பா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற நமக்குச் சிரிப்பு வராது.

நிலமும் எவ்வளவு இருக்கிறது? 2023 வேளாண் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க அரை ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்கள் சுமார் 1 கோடியே 69 லட்சம். 2013இல் 1 கோடியே 42 லட்சமாக இருந்தது. அரை ஹெக்டேர் என்றால் ஒன்றேகால் ஏக்கர். சிம்பாவுக்கு அதுகூட இல்லை. மரவள்ளியைத் தோல் சீவிக் காயவைத்தால் காப்லெக். அதை இடித்து அவித்தால் திவுல். அரிசிக்கு வழியில்லாத காலத்துச் சோறு அது. இப்போது சோலோவில் அதையே வாழை இலையில் வைத்து 'பாரம்பரிய உணவு' என்று விற்கிறார்கள். சிம்பா அதைத் தொடமாட்டார். ஒரு ஆயுசுக்குத் தின்றாகிவிட்டது என்பார்.

பிறகு எப்படி ஊரில் வீட்டுக்கு வீடு டைல்ஸ் தரை, வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்? எட்டு வருடம் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். அந்த ஊர் சம்பாதிக்கிற இடமே இல்லை. சேர்த்து வைக்கிற இடம். அவர்களுடைய வயல் ஜகார்த்தாவின் தெருக்களில் இருக்கிறது. ஆண்கள் பக்சோ, கோழி நூடுல்ஸ் வண்டி தள்ளுகிறார்கள். பெண்கள் முதுகில் கூடை கட்டி ஜாமு விற்கிறார்கள். ஜாமு என்பது மஞ்சள், இஞ்சி, புளி போட்ட கஷாய வகை. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் அதைச் சேர்த்தார்கள், கூடை சுமக்கிற பெண்ணின் முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. ஊரைவிட்டுப் பிழைக்கப் போவதற்கு ஜாவாவில் 'போரோ' என்று தனிச் சொல்லே உண்டு. முன்னால் போனவர் முதலாளி ஆகி, ஊர்ப் பையன்களைக் கூட்டிப்போய்த் தங்க இடம் கொடுத்து வண்டியைக் கையில் கொடுப்பார். நாலைந்து வருடத்தில் பையன் சொந்த வண்டி போட நினைப்பான். அப்போதுதான் ஊரில் ஒரு மாடு விற்கும்.

மாடு சேமிப்புக் கணக்கு என்றால் தேக்கு வைப்பு நிதி. வீட்டைச் சுற்றி, வரப்போரம், பாறை இடுக்கு என்று எங்கும் தேக்கு. யாரும் வியாபாரக் கணக்குப் போட்டு வெட்டுவதில்லை. கல்யாணம், பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி என்று வந்தால் இரண்டு மரம் சாயும். இதை 'தெபாங் புத்து' என்கிறார்கள், தேவைக்கு வெட்டு. வனத்துறைக்காரர்களுக்கு இது பிடிக்காது, மரம் பருமனாகும் முன்பே போய்விடுகிறதே என்பார்கள். ஆனால் இந்த மாவட்டத்தின் செலோபுரோ, சும்பெர்ரெஜோ என்ற இரண்டு ஊர்களின் தேக்குக் காடுகள்தான் 2004இல் இந்தோனேசியாவிலேயே முதலாவதாக மக்களே வளர்க்கும் காடு என்ற முறையில், காட்டை அழிக்காமல் பராமரிப்பதற்கான சான்றிதழ் வாங்கின. ஒரு காலத்தில் மொட்டைப் பாறையாகக் கிடந்த குன்றுகள். மரத்தில் பணம் போட்டதால் பச்சையானவை. டைம்லைனில் நீங்கள் ரசிக்கும் பச்சை, பாதி பாஸ்புக்.

சொந்த மாடு வாங்க வழியில்லாதவர்களுக்கு 'காதுஹான்' இருக்கிறது. நம் வாரத்துக்கு விடுவது போலத்தான். ஒருவர் மாடு வாங்கித் தருவார், மற்றவர் புல் அறுத்துப் போட்டு வளர்ப்பார், கன்று பிறந்தால் பங்கு.

இந்த வங்கியின் பலம் கொரோனா வந்த 2020இல் தெரிந்தது. மார்ச் மாதமே ஜகார்த்தாவிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வொனோகிரிக்கு வந்து இறங்கினார்கள். ஏப்ரல் 24 முதல் லெபாரானுக்கு ஊர் போவதையே அரசு தடைசெய்தது. அதற்குள் வண்டிக்காரர்களில் பெரும்பாதி ஊரில்தான் இருந்தார்கள், எங்கள் ஃபிட்டரின் தம்பி உட்பட. எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க வந்தால் எந்த வங்கியும் திவாலாகும். இது ஆகவில்லை. கிராம நிதியிலிருந்து ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 6 லட்சம் ரூபியா உதவி வந்தது, சரி. மீதியை ஆடும் தேக்கும் பார்த்துக்கொண்டன. இந்த வங்கிக்கு இன்ஷூரன்ஸ் மட்டும் கிடையாது. 2022இல் கோமாரி பரவிப் பல மாவட்டங்களில் மாட்டுச் சந்தைகளை மூடியபோது, சிம்பா இரண்டு மாதம் தொழுவத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். 2014இன் கிராமச் சட்டம், 2015 முதல் நேரடியாகக் கிராமத்துக்கே நிதி. சுமார் 75,000 கிராமங்கள், ஊருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 100 கோடி ரூபியா வரை வந்தது, நம் பணத்தில் அரைக் கோடி. நல்ல திட்டம்தான். சிம்பா ஊரில் சந்து பொந்தெல்லாம் கான்கிரீட், மழையில் செருப்பைக் கையில் பிடித்து நடந்த பாதை இன்று பளபளக்கிறது. பிரச்சினை அடுத்த கட்டத்தில். கிளாத்தேன் மாவட்டத்தில் பொங்கோக் என்றொரு கிராமம். அங்கே ஊற்றுக்குளம் ஒன்றில் தண்ணீருக்கடியில் மோட்டார் சைக்கிள், நாற்காலி எல்லாம் போட்டுப் படம் எடுக்கவிட்டு, கிராம நிறுவனம் கோடி கோடியாகச் சம்பாதித்தது. அவ்வளவுதான், தீவு முழுக்க ஆளுக்கொரு செல்ஃபி மேடை! பொங்கோக்கில் வற்றாத ஊற்று இருந்தது. குளிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிற ஊர்களில் மூங்கிலால் இதய வடிவம் கட்டி டிக்கெட் போட்டால் யார் வருவார்கள்? சிம்பா ஊர் மேடையில் இப்போது துணி காய்கிறது.

கிராமத் தலைவர்கள் என்ன செய்தார்கள்? 2023 ஜனவரியில் ஜகார்த்தா போய், ஆறு வருடப் பதவிக்காலத்தை ஒன்பதாக்கக் கேட்டுப் போராடினார்கள். 2024இல் எட்டாக்கிக் கொடுத்தார்கள். பேரம் படிந்தது! 2025 ஜூலையில் அதிபர் பிரபோவோ கிளாத்தேனில் நின்று, நாடு முழுக்க 80,000 கிராமக் கூட்டுறவுகளைத் தொடங்கிவைத்தார். அவை மளிகை, உரம், கேஸ் விற்கட்டும். ஆனால் பெக்காசியில் வண்டி போடப்போகிற பையனுக்கு மொடால் கொடுக்குமா? பத்து வருடத் தேக்கை இன்னும் பத்து வருடம் நிற்கவிடக் கடன் தருமா? இது என் கற்பனை இல்லை. 'துண்டா தெபாங்', வெட்டைத் தள்ளிப்போடு என்ற பெயரில் வனத்துறை அமைச்சகமே அப்படியொரு கடன் கொடுத்துப் பார்த்திருக்கிறது. நிற்கிற மரமே அடமானம். எனக்குத் தெரிந்து, அந்த ஊர்களை உள்ளபடி புரிந்துகொண்டு போட்ட திட்டம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம், பையனை ஊரிலேயே உட்காரவைப்பது எப்படி என்று ஏசி அறையில் யோசித்தவை.

சிம்பா ஊர் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. பத்து வீட்டில் ஆறு வீடு தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் மட்டும். ஃபிட்டரின் தம்பி மகள் அப்பாவை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தே வளர்ந்தவள். லெபாரானுக்கு அவர் நேரில் வந்து நின்றபோது பாட்டி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் முகத்தை நான் பார்க்காமல் கொல்லைப்புறம் போய்விட்டேன். ஊர்க் கடன் வேறு. ஹஜ் மாதம் கல்யாண சீசன். ஒரே வாரத்தில் ஆறேழு அழைப்பு. நம் மொய்யேதான், இங்கே 'ஞும்பாங்'. யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள், திருப்பாமல் இருக்க முடியாது. அந்த மாதம் சிம்பா வீட்டில் சாப்பாட்டுச் செலவைவிடக் கவர்ச் செலவு அதிகம். இதுவும் ஒரு சேமிப்புதானே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, பாட்டி, "எடுக்கும் முன்னாலேயே நான் போய்விடுவேன், மாஸ்" என்றார். மாஸ் என்றால் அண்ணன், மரியாதைக்குக் கூப்பிடுவது. பதில் இல்லை என்னிடம்.

எனக்குப் பிடித்தது ஜிம்பித்தான். வாசல் சுவரில் ஒரு சின்ன டப்பா தொங்கும். முன்பெல்லாம் இரவு அதில் ஒரு பிடி அரிசி போடுவார்களாம், இப்போது 500 ரூபியாக் காசு. ராக்காவல் சுற்றுகிற ஆட்கள் எடுத்துப்போவார்கள். தெருவிளக்கு, சீக்காளியைப் பார்க்கப் போகிற செலவு எல்லாம் அதில். நம் பணத்தில் இரண்டரை ரூபாய். விருந்தாளியாகப் போகிற நானும் போடுவேன். முதல் தடவை 50,000 நோட்டைப் போட்டு, மறுநாள் காலையில் யாரோ கதவைத் தட்டிப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பேரன் போய் மூன்று வாரம் ஆகிறது. வண்டி ஓடுகிறதாம், மழை நாளில் மட்டும் வியாபாரம் கூடுதலாம். தொழுவம் காலியாக இருப்பது சிம்பாவுக்குத் தாங்கவில்லை, தேக்கு இரண்டை விற்றுக் கன்று வாங்கப்போகிறார். ஜாவாவில் சந்தைக்கு ஐந்து நாள் வாரம்: லெகி, பஹிங், போன், வகே, க்லிவோன். அடுத்த பஹிங் எனக்கு லீவு நாளில் விழுகிறது, என்னையும் வரச்சொல்லியிருக்கிறார். இந்தியர்கள் மாடு பார்ப்பதில் கெட்டிக்காரர்கள் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்குப் பல் பிடித்துப் பார்க்கக்கூடத் தெரியாது. இன்னும் சொல்லவில்லை அவரிடம்.