மலையடிவாரம் வரை ஒரு பஸ்

ஜப்பான் பயணத்தில் எடுத்த படங்களைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் வந்து விழுவது ஒரே கேள்விதான்: "மொத்தம் எவ்வளவுண்ணா ஆச்சு?" அடுத்தது, "அந்தக் காசுக்குள்ள எப்படிண்ணா முடிச்சீங்க?" நான் ஏதோ சிக்கன ரகசியம் கையில் வைத்திருப்பதாகத் தம்பிகள் நினைக்கிறார்கள். சில்லறைத் தந்திரங்கள் கொஞ்சம் உண்டு, அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு குறைந்த காசில் ஒருவர் அந்த நாட்டில் மலை, காடு என்று சுற்றிவர முடிவதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரயில். யூடியூபில் யாரைக் கேட்டாலும், நாடு முழுக்க ரயிலில் சுற்ற வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கும் ஜேஆர் பாஸை வாங்கச் சொல்வார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலையை 29,650 யென்னிலிருந்து ஒரே தூக்காக 50,000 யென்னுக்குத் தூக்கிவிட்டார்கள். 100 யென் என்றால் நம் பணத்தில் 55, 60 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புல்லட் ரயிலில் சுமார் 14,000 யென். வாரநாளில் ராத்திரி பஸ் பிடித்தால் அதில் பாதிகூட ஆகாது, ஒரு ராத்திரி தங்கும் செலவும் மிச்சம். இன்னொரு வழி 'செய்ஷுன் 18' டிக்கெட். பள்ளி விடுமுறைக் காலங்களில் மட்டும் விற்பார்கள். தொடர்ந்து ஐந்து நாளுக்கு 12,050 யென், எந்த வயதுக்காரரும் வாங்கலாம், ஆனால் சாதா ரயிலில் மட்டும்தான் ஏறலாம். தோக்கியோவிலிருந்து ஒசாகா போய்ச்சேர ஒன்பது மணி நேரம் ஆகும். அதாமி, ஹமாமட்சு, தொயோஹாஷி, மைபாரா என்று மாறி மாறி ஏற வேண்டும். மைபாராவில் கதவு திறந்ததும், அதுவரை தூங்கி வழிந்த கூட்டம் அடுத்த ரயிலில் இடம் பிடிக்க ஓடும் ஓட்டம் இருக்கிறதே! தீபாவளிக்கு முந்தின நாள் நம் பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டு சீட் பிடித்தவர்களுக்கு அது புதிதாகத் தெரியாது.

அப்புறம் சாப்பாடு. ராத்திரி சாப்பாட்டுக்கு ஹோட்டலைத் தேடாதீர்கள், எட்டு மணி வாக்கில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போங்கள். தொப்பி போட்ட ஊழியர் ஒருவர் ஸ்டிக்கர் கட்டோடு சாப்பாட்டுப் பெட்டிகள் அடுக்கிய பக்கம் வருவார். முதல் சுற்றில் இருபது, முப்பது சதவீதத் தள்ளுபடிதான். பாதி விலை ஸ்டிக்கர் அடுத்த சுற்றில் வரும். அதுவரை பக்கத்து ஊறுகாய் அடுக்கில் லேபிளைப் படிப்பது போல நின்றுகொண்டிருக்க வேண்டும். கோட்டுப் போட்ட ஒரு பெரியவர், கல்லூரிப் பையன் ஒருவன், நான். யாரும் அந்த ஊழியரை நேராகப் பார்க்க மாட்டோம். ஸ்டிக்கர் ஒட்டி அவர் கை விலகினால் போதும், பெட்டி அடுக்கில் இருக்காது. வறுத்த மீன், சோறு, ஊறுகாய் எல்லாம் சேர்த்து 250, 300 யென்னில் முடிந்துவிடும். கூட வந்த நண்பன் சுத்த சைவம். நூடுல்ஸ் குழம்பில், காய்கறிக் கூட்டில்கூட மீன் போட்டுக் காய்ச்சிய 'தாஷி' இருக்கும் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு வாழைப்பழமும் வெறும் சோறும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடியும்தான். சைவக்காரர்கள் பொடி இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

சரி, தந்திரங்கள் இவ்வளவுதான். இவை எல்லாம் நகரத்துக்குள் உதவும். எனக்கு வேண்டியிருந்தது மலை.

ஒசாகாவுக்குத் தெற்கே கீ தீபகற்பத்தில் குமனோ கோதோ என்ற பழைய யாத்திரைப் பாதைகள் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அரசர்களும் குடியானவர்களும் குமனோ கோயில்களுக்கு நடந்துபோன வழி. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். கீ-தனாபே ரயில் நிலையத்தின் வாசலிலேயே பஸ். முக்கால் மணி நேரத்துக்குள் தகிஜிரியில் இறக்கிவிடுகிறது. இறங்கியதும் பாதை ஆரம்பம், அங்கிருந்து குமனோ கோயில்களில் ஒன்றான ஹோங்குவுக்கு 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாளைக்குச் சில பஸ்கள்தான், ஆனால் எப்போது வரும் என்று நிறுத்தத்திலேயே ஒட்டியிருக்கிறது, சொன்ன நேரத்துக்கு வருகிறது.

அந்தப் பாதையில் 500 மீட்டருக்கு ஒரு எண் போட்ட கம்பம். வழியில் கால் பிசகி விழுந்தால் போனில் அந்த எண்ணைச் சொன்னால் போதும், தேடி வருபவர்களுக்கு இடம் தெரிந்துவிடும். அதைவிட எனக்குப் பிடித்தது வேறொரு பலகை. பாதை பிரியும் இடங்களில், தப்பான வழியின் வாயில் "இது குமனோ கோதோ இல்லை" என்று எழுதி நட்டிருக்கிறார்கள். சரியான வழிக்குப் பலகை வைக்க எந்த அதிகாரியாலும் முடியும். தப்பான வழிக்கும் பலகை வைக்க வேண்டும் என்று தோன்ற, ஒருவர் அந்தப் பாதையை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

வழியில் ஊர்களுக்குப் பக்கத்தில் ஆளில்லாத சின்னக் கடைகள். ஆரஞ்சுப் பை, உமெபோஷி என்ற உப்பில் ஊறிய புளிப்புப் பழ டப்பா, பக்கத்தில் காசு போட ஒரு பெட்டி. குழாயில் வருவதைக் குடிக்கலாம், அதனால் தண்ணீருக்குச் செலவு கிடையாது. முக்கியமான இடங்களில் கழிப்பறை, உள்ளே பேப்பர்கூட இருந்தது. என் பட்ஜெட்டில் நான் காப்பாற்றிய காசு என்று எல்லாரும் பாராட்டுவதில் பெரும்பகுதி இதுதான்: பஸ், பலகை, தண்ணீர், கழிப்பறை. அடிவாரத்துக்கு டாக்சி வைத்து, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வாங்கி, வழி தெரியாமல் ஆளைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தால் பாதி விலை ஸ்டிக்கர் என்னைக் காப்பாற்றியிருக்காது.

எல்லாமே மலிவு என்றும் நினைக்க வேண்டாம். அந்தப் பாதையில் இரண்டு வேளைச் சாப்பாட்டோடு தங்கும் வீடுகள் 10,000 யென்னைத் தாண்டும். ஃபூஜி மலைக் குடிசைகளின் கட்டணத்தைப் பார்த்துவிட்டு ஃபூஜியைத் தூரத்திலிருந்து கும்பிட்டதோடு சரி. அதற்குப் பதிலாக ஷின்ஜுகுவிலிருந்து 400 யென் சொச்சத்துக்கு ரயில் ஏறித் தகாவோ மலைக்குப் போனேன். உயரம் 599 மீட்டர்தான், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு. போகட்டும்.

கமிகோச்சியைச் சொல்லாமல் முடியாது. ஜப்பானின் வட ஆல்ப்ஸ் மலைத்தொடரில், அசுசா ஆற்றங்கரையில், 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கு. தலைக்கு மேலே 3,000 மீட்டரைத் தாண்டிய ஹொதகா சிகரங்கள். சொந்தக் காருக்கு உள்ளே அனுமதியே இல்லை. கோடீஸ்வரராக இருந்தாலும் காரை வெளியே விட்டுவிட்டு பஸ்ஸிலோ டாக்சியிலோதான் போயாக வேண்டும். நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்கவும் முடியாது, அதற்கென்று முகாம்கள் உண்டு, அங்கே வாடகைக்குக் கூடாரமும் கிடைக்கும். நான் கொனாஷிதைரா முகாமில் தங்கினேன். 2020 ஆகஸ்டில் அதே முகாமில் ராத்திரி கரடி வந்து ஒரு பெண்ணின் கூடாரத்தை இழுத்துப்போய் அவரைக் காயப்படுத்தியிருக்கிறது. முகாமை மூடினார்கள். பிறகு திறந்தார்கள். சாப்பாட்டுப் பொருளைக் கூடாரத்துக்குள் வைக்காதே என்று இப்போது எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறது. அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வரவில்லை, அது வேறு விஷயம்.

மேலே ஏறுகிறவர்கள் 'தோசன் தொதோகே' என்று ஒரு படிவம் எழுதி, அடிவாரத்துப் பெட்டியில் போட வேண்டும். பெயர், எந்த வழி, எந்த நாள் திரும்புவாய், என்ன சாமான் வைத்திருக்கிறாய், வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அனுமதி கேட்கும் மனு இல்லை அது, தகவல். உன் உயிருக்கு நீ பொறுப்பு, நீ திரும்பவில்லை என்றால் எங்கே தேடுவது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ என்கிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். எனக்கு மலைப் பைத்தியம் பிடித்தது இங்கேதான். கொல்லிமலை, பர்வதமலை, வெள்ளியங்கிரி. எல்லாம் டவுன் பஸ் காசில் போன இடங்கள். கொஞ்சம் யோசித்தால் ஒன்று புரியும்: இங்கே ஏழை போகக்கூடிய மலை எல்லாம் சாமி இருக்கும் மலை. கோயில் இருந்தால் பஸ் வரும், படி கட்டுவார்கள், வழியில் சுக்குக் காப்பி கிடைக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முக்கி ஏறி, அரசுப் பேருந்து அறப்பளீஸ்வரர் கோயில் வரை போகிறது. அங்கிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. அந்த அருவிக்கு மட்டும் என்று கேட்டிருந்தால் பஸ் விட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். ரோட்டோரம் நடைபாதை, ராத்திரி நடப்பவர்களுக்கு ஒளிரும் ஸ்டிக்கர், ஊருக்கு ஊர் நீர்மோர், அன்னதானம், படுக்கப் பள்ளிக்கூடத் திண்ணை. காசில்லாமல் நூறு கிலோமீட்டர் நடக்க ஒருவனுக்கு வேண்டியது எல்லாம் நமக்குச் செய்யத் தெரியும். ஜப்பானிடம் போய்க் கற்க வேண்டியதில்லை. காவி வேட்டியை அவிழ்த்துவிட்டு அதே ஆள் மார்கழியில் ஒரு பையோடு நடந்தால்தான் சிக்கல். ஒரு வனச்சரக அலுவலகத்தில் பாதை ஒன்றுக்கு அனுமதி கேட்கப் போயிருந்தேன். "மேல என்ன சாமி இருக்கு?" என்றார் அங்கிருந்தவர். சாமி இல்லீங்க, சும்மா நடக்கணும் என்றேன். "சும்மா எதுக்குப்பா நடக்கணும்?" அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

2018 மார்ச் 11 குரங்கணித் தீயை யாரும் மறக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிப் போனார்கள். அதே வருஷம் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, வர வேண்டியவைதான். 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஆரம்பித்தது. இணையத்தில் பதிவு, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள், அவர்களுக்கு வருமானம். நல்ல திட்டம், நான் திட்டப்போவதில்லை. என் சண்டை கட்டணத்தோடு. கடினமான பாதைகள் ஆயிரங்களில் இருக்கின்றன. வழிகாட்டிக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான், சரி. ஆனால் 2025இல் ஃபூஜிக்கு வைத்த 4,000 யென் கட்டணத்தைப் பெரிய கொள்ளை என்று உலகமே பேசியது. ஜப்பானின் சராசரிக் குறைந்தபட்சக் கூலி அந்த ஆண்டில் மணிக்கு 1,121 யென். ஆக, நாலு மணி நேர வேலைகூட இல்லை. தமிழ்நாட்டில் 2025-26இல் நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். அந்தக் கூலி வாங்கும் வீட்டுப் பையனுக்குச் சொந்த ஊர் மலையில் ஒரு நாள் நடக்க எத்தனை நாள் கூலி போகும் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் என்ன செய்வான்? பைக்கை எடுத்துக்கொண்டு செக்போஸ்டைச் சுற்றித் திருட்டு வழியில் போவான். அவன் போன வழியும் யாருக்கும் தெரியாது, திரும்பாவிட்டால் தேடவும் முடியாது.

"யானை இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. யானைக்காடு, புலிக்காட்டை எல்லாம் திறந்துவிடு என்று நான் கேட்கவில்லை. அங்கே வழிகாட்டி இல்லாமல் ஒருவரும் நுழையக்கூடாது. ஜப்பானிலும் 2025இல் கரடி தாக்கிப் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆகஸ்டில் ஹொக்கைதோவின் ரௌசு மலையில் மலையேறி ஒருவர் இறந்ததும் அந்தப் பாதையை மூடினார்கள். அந்தப் பாதையை. நாடு முழுக்க மலைக்குப் பூட்டுப் போடவில்லை. ஏலகிரி, சிறுமலை, சவ்வாது மலையில் ஊர்க்காரர்கள் தினம் ஆடு ஓட்டிப் போகும் தடங்கள் எத்தனை? அவற்றில் நடக்கவும் நமக்குச் சாமியோ கட்டணம் கட்டிய ஜிஎஸ்டி பில்லோ தேவைப்படுகிறது.

"நம்மாளுங்க போனா பாட்டிலை உடைச்சுப் போட்டுட்டு வருவாங்க, ஜப்பான்காரனுக்கு ஒழுக்கம் ரத்தத்துலயே இருக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. நீலகிரியில் 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதே நம்மாட்கள்தான் பாட்டிலைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பத்து ரூபாயில் வந்த ஒழுக்கம் அது.

என் பட்டியல் சின்னது. யானை நடமாட்டம் இல்லாத மலைகளில், மாவட்டத்துக்கு ஒரு பாதை. கட்டணம் வேண்டுமானால் ஐம்பது ரூபாய். காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இறக்கிவிடும் ஒரு பஸ், சாயங்காலம் ஏற்றிக்கொள்ளும் ஒரு பஸ். ஒரு தண்ணீர்த் தொட்டி, பெண்களும் நம்பிப் போகும்படி ஒரு கழிப்பறை, எண் போட்ட கம்பங்கள். அடிவாரத்தில் ஒரு நோட்டு, பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போகட்டும். தீக்காலத்தில் மூடிவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

இதெல்லாம் வரும்போது வரட்டும். மழை கொஞ்சம் விட்டதும் நான் கொல்லிமலைக்குப் போகிறேன், நாமக்கல்லிலிருந்து முதல் பஸ். வர நினைப்பவர்கள் கீழே சொல்லுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள், படிகள் வழுக்கும். புளிசாதம் நான் கொண்டுவருகிறேன்.